மூக்கில் குழாய் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையைக் களமாகக் கொண்ட படங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் 1981-ல் கைதிகள் இருந்த உண்ணாவிரதத்தைப் பற்றி ஸ்டீவ் மெக்வீன் இயக்கி 2008-ல் வந்த 'ஹங்கர்' படத்துக்கு அதில் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். அதில் பட்டினி கிடந்து இறந்த பாபி சாண்ட்ஸாக (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பைச் சேர்ந்தவர்) நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் உடம்பை எப்படி இளைத்தார் என்பதற்கே பாதிப் பக்கம் போய்விட்டது, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் கட்டுரையின் முடிவில் ஒரு கேள்வி இருந்தது. சுற்றிலும் டாக்டர்கள் இருந்தும் மூக்கில் ஒரு குழாய் போட்டு உணவு செலுத்திக் காப்பாற்றாமல் ஏன் கைகட்டி நின்றார்கள், அது கொலைக்குச் சமம் இல்லையா என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 34 வருஷம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எத்தனை பேருக்கு அந்தக் குழாயைப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அதை ரைல்ஸ் டியூப் என்போம். நோயாளி ஒத்துழைத்தால் இரண்டு நிமிஷ வேலை. "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே தள்ளுவோம். அவர் விழுங்க விழுங்க அது இரைப்பைக்குள் போய்விடும். அப்புறம் சிரிஞ்சில் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம். உள்ளேயிருந்து கொஞ்சம் நீரை இழுத்தும் பார்ப்போம். இதெல்லாம் எதற்கு? குழாய் தவறி மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால், ஊற்றுகிற பாலும் கஞ்சியும் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வேண்டாம் என்று திமிறுகிற ஆளை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு போடும்போது இந்த ஆபத்து பல மடங்கு.

இந்தியச் சிறையிலேயே இது நடந்தது. 1929-ல் லாகூர் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தபோது, ஜதின் தாஸுக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். குழாய் நுரையீரலுக்குள் போய்விட்டது. அதிலிருந்து அவர் தேறவேயில்லை. 63-ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று உயிர் பிரிந்தது. அப்போது அயர்லாந்திலிருந்து ஒரு தந்தி வந்தது. 1920-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் பட்டினி கிடந்து இறந்த கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினியின் குடும்பம் அனுப்பிய இரங்கல் அது. பட்டினிப் போராட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு, கடல் கடந்து இன்னொரு வீட்டுக்குத் துக்கம் விசாரித்தது.

சரி, 1981-க்கு வருகிறேன். பிரிட்டிஷ் சிறைகளில் அதற்குச் சில வருஷம் முன்புவரை குழாய் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்த ஐ.ஆர்.ஏ. கைதிகளான டோலர்ஸ், மரியன் பிரைஸ் சகோதரிகளுக்கு 1973 டிசம்பரில் தொடங்கி ஐந்து மாதங்களுக்கும் மேல் அப்படிச் செலுத்தினார்கள். 1974 ஜூன் 3-ஆம் தேதி பார்க்ஹர்ஸ்ட் சிறையில் உண்ணாவிரதம் இருந்த இன்னொரு ஐ.ஆர்.ஏ. கைதி மைக்கேல் கான் இறந்தார். அவருக்கும் வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டிருந்தது. நிமோனியா என்றது அரசு. குழாய்தான் நுரையீரலைப் புண்ணாக்கியது என்றது குடும்பம். அதன் பிறகு அரசு அந்த வழக்கத்தைக் கைவிட்டது. அடுத்த வருஷம் உலக மருத்துவச் சங்கம் டோக்கியோவில் ஒரு பிரகடனம் செய்தது. தெளிந்த புத்தியோடு உணவை மறுக்கிற கைதிக்குச் செயற்கையாக உணவு செலுத்தக் கூடாது. அவர் தெளிவாக இருக்கிறாரா என்பதை இன்னொரு டாக்டரும் உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, மேஸ் சிறை மருத்துவமனையில் டாக்டர்கள் கைகட்டி நின்றதற்குப் பின்னால் அத்தனை பேருடைய வேதனை இருக்கிறது.

சாண்ட்ஸும் சக கைதிகளும் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. சொந்த உடை, சிறை வேலையிலிருந்து விலக்கு, சக கைதிகளோடு பழகும் உரிமை, வாரம் ஒரு சந்திப்பும் கடிதமும் பார்சலும், பறித்துக்கொண்ட தண்டனைக் குறைப்பு. இவ்வளவுதான். ஆனால் இதைக் கொடுத்தால் அவர்களை அரசியல் கைதிகள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறங்கி வரவில்லை. அந்தத் தகுதியை 1976 மார்ச் 1-இலேயே ரத்து செய்திருந்தார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1981 மார்ச் 1 அன்று சாண்ட்ஸ் உணவை நிறுத்தினார். உண்ணாவிரதத்தில் இருந்தபடியே ஏப்ரல் 9 இடைத்தேர்தலில் முப்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி நாடாளுமன்ற உறுப்பினரானார். மே 5-ஆம் தேதி, 66-ஆம் நாளில் இறந்தார். வயது 27. அவர் சார்ந்த ஐ.ஆர்.ஏ. செய்த கொலைகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். படமும் நியாயப்படுத்தவில்லை. முதியோர் இல்லத்தில் தாயைப் பார்க்கப் போன சிறைக்காவலரை, அந்தத் தாயின் மடியிலேயே சாயும்படி சுட்டுக் கொல்கிற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட மருத்துவமனைக் காட்சிகளை ஒரு நர்ஸின் கண்ணோடு பாருங்கள். புண்ணுக்கு மருந்து தடவுகிற கை எவ்வளவு மெதுவாக நகர்கிறது! போர்வையின் எடைகூட உடம்பில் படாமல் இருக்கக் கட்டில்மேல் ஒரு சட்டகம் வைப்பார்கள். எலும்பும் தோலுமாகிப் போன நோயாளிகளுக்கு நாங்களும் அப்படி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டு இருக்கும், நேரத்துக்கு நேரம் மாற்றுவார்கள். இன்னொரு உதவியாளர் வருவார். எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவின் பெயரான யூ.டி.ஏ. என்ற எழுத்துகளை விரல் முட்டிகளில் பச்சை குத்தியிருப்பார். குளியல் தொட்டியிலிருந்து சாண்ட்ஸ் தானாக எழ முயன்று விழும்வரை அவர் கை நீட்டவில்லை. அப்புறம் தூக்கிக்கொண்டு போகிறார். இரண்டு விதமான கைகளையும் நான் வார்டுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த உடம்புகளுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரும் உப்பும்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது வாரம் போல வைட்டமின் பி1 அடியோடு தீர்ந்துபோக, கண்மணி நிலைகொள்ளாமல் ஆடும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குடித்த தண்ணீரும் வாந்தியாக வரும். அது அடங்கிய பிறகு பார்வை போகத் தொடங்கும். சாண்ட்ஸின் சக கைதி மார்ட்டின் ஹர்சன் 46 நாளில் இறந்தார். கீரன் டோஹர்ட்டி 73 நாள் தாங்கினார். அந்தப் போராட்டத்தில் இறந்த பத்துப் பேரில் ஒருவர்கூட முப்பதைத் தொடவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் குழாய் போட்ட நாளை இங்கே எழுதத்தான் வேண்டும். புற்றுநோய் முற்றிய நிலை. புத்தி தெளிவாக இருந்தது. "வேண்டாம் தாயி, விட்டுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மேலே இருந்து உத்தரவு வந்தது. இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, நான் போட்டேன். குழாய் சரியாகத்தான் இறங்கியது. அவர் அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார். அவர் கும்பிட்ட கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

படம் சாண்ட்ஸின் மரணத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. நினைவு இருக்கும்வரை முடிவு பிள்ளையின் கையில். நினைவு தப்பிவிட்டால் அது குடும்பத்தின் கைக்கு வரும். ஜூலை 31 அன்று, 47 நாள் பட்டினி கிடந்த பேடி குவினுக்குச் சிகிச்சை கொடுக்கச் சொல்லிவிட்டார் அவருடைய அம்மா. அவர் பிழைத்தார். டெனிஸ் ஃபால் என்ற பாதிரியார் மற்றக் குடும்பங்களிடமும் பேசினார். (படத்தில் சாண்ட்ஸோடு வாதம் செய்கிற பாதிரியார் கற்பனைப் பாத்திரம், இவர் நிஜம்.) ஒவ்வொரு குடும்பமாக இடையில் வர, அக்டோபர் 3-ஆம் தேதி போராட்டம் முடிந்தது. மூன்றே நாளில் சொந்த உடைக்கு அனுமதி என்று அமைச்சர் ஜேம்ஸ் பிரையர் அறிவித்தார்.

பிள்ளை வேண்டாம் என்று சொன்னதை மீறி அவனைக் காப்பாற்றிய தாயும் உண்டு, அவன் சொன்னதை மதித்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாவதைப் பார்த்த தாயும் உண்டு. இந்த இரண்டு பேரில் யார் செய்தது தவறு என்று, இத்தனை வருஷம் வார்டில் நின்ற பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்ற கட்டுரையாளர் இந்தத் தாய்மார்களைப் பற்றியும் படித்துவிட்டு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.