பந்து எங்கே இருந்தது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது, தாமதத்தைப் பொறுத்துக்கொள். நீயும் சிறுவர் பேஸ்பாலுக்கு அம்பயராகப் போகத் தொடங்கியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். முதல் மாதத்திலேயே ஒரு ரன்னரும் ஃபீல்டரும் மோதிக்கொண்டதற்குத் தீர்ப்பளித்து ஒரு கோச்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் படித்தபோது, கோபித்துக்கொள்ளாதே, சிரிப்பும் வந்தது. எனக்கும் ஆரம்பம் அப்படித்தான் அமைந்தது.

நாம் இருவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதுதான் இதில் முதல் தொல்லை. அங்கே ஃபீல்டிங்குக்கு இடையூறு செய்ததாக ஒருவரை அவுட் கொடுக்க வேண்டுமானால், அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று நடுவருக்குப் பட வேண்டும். அதே பழக்கத்தில் இங்கே வந்து நிற்கும்போது, இரண்டு பையன்கள் மோதியவுடன் நம் கண் அவர்கள் முகத்துக்குப் போகிறது. பாவம், தெரியாமல் மோதிவிட்டான் என்று மனம் இளகுகிறது. ஆனால் பேட்டர் அடித்த பந்தை எடுக்க முனையும் ஃபீல்டருக்கு ரன்னர் குறுக்கே வந்தால், அறியாமல் வந்திருந்தாலும் ரன்னர் அவுட்தான். ஒரு ஃபீல்டர் எறிந்த பந்தை ரன்னர் தடுத்தால் மட்டுமே, வேண்டுமென்று தடுத்தானா என்ற கேள்வி எழுகிறது.

ரன்னர் செய்வது இன்டர்ஃபியரன்ஸ், ஃபீல்டர் செய்வது அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பாய். எனக்கு அந்த இரண்டு சொற்களும் நீண்ட நாள் குழம்பின. முன்னதை இடையூறு என்றும் பின்னதை வழிமறிப்பு என்றும் மனத்துக்குள் தமிழாக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் வாய் தடுமாறாமல் வந்தது. "அவன் தன் பாதையில்தானே ஓடினான்!" என்று பெற்றோர் கத்துவதை நீயும் கேட்டிருப்பாய். அடித்த பந்தை ஒரு ஃபீல்டர் எடுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள் வரை பாதை அவருக்குரியது, ரன்னர்தான் சுற்றிப் போக வேண்டும். பந்து அவரைத் தாண்டிய கணமே நிலைமை தலைகீழாகிவிடும். பாய்ந்து விழுந்து பந்தைத் தவறவிட்ட ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்டத்து ஃபீல்டர்களில் ஒருவர், தரையிலேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தினால், பிழை ஷார்ட்ஸ்டாப்பின் மேல் வந்துவிடுகிறது.

போன மாதம் எனக்கு வாய்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறுவன் வலப்பக்க இடைவெளியில் நல்ல அடி ஒன்று அடித்துவிட்டு ஓடிவந்தான். முதல் பேஸில் (ரன்னர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களில் முதலாவதில்) நின்ற எதிரணி ஃபீல்டர் பையன் வாயைப் பிளந்துகொண்டு பந்து போகும் அழகைப் பார்த்தபடி ஓடுதடத்திலேயே நின்றுவிட்டான். வந்தவன் மோதவில்லை, ஒரு கணம் குதிகாலில் நின்று, புழுதி கிளம்ப வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடினான். நான் அந்த இடத்தைக் கையால் சுட்டி, "அப்ஸ்ட்ரக்‌ஷன்" என்று உரக்கச் சொன்னேன், ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவன் மீது அப்போது யாரும் பந்தோடு வரவில்லையாதலால், ஆட்டம் ஓய்ந்த பின்தான் கணக்குத் தீர்க்க வேண்டும். அவன் மூன்றாம் பேஸில் ஒரே ஒரு காலடி வித்தியாசத்தில் டேக் செய்யப்பட்டான், அதாவது பந்தால் தொட்டு அவுட்டாக்கப்பட்டான். முதல் பேஸில் அவன் இழந்தது இரண்டு மூன்று காலடியாவது இருக்கும் என்று எனக்குப் பட்டதால், மூன்றாம் பேஸை அவனுக்கே கொடுத்தேன். முதல் பேஸ் பையன் அவனைத் தொடவே இல்லையே என்று வீரர்கள் அமரும் டக்‌அவுட்டில் கூச்சல் எழுந்தது. தொட வேண்டியதில்லை, ஓட்டம் தடைப்பட்டால் போதும். அதே பையன் பேஸுக்குப் பத்துக் காலடி முன்னால் பிடிபட்டிருந்தால், அவுட் என்றே விட்டிருப்பேன். பேஸ்களுக்கு இடையே 60 அடியே உள்ள சிறுவர் மைதானத்தில் இரண்டு காலடி பெரிய தூரம்.

பெரியவர்கள் ஆட்டத்திலும் இதே விதி கசந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில், 2013-இன் மூன்றாம் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4–4 என்ற சமநிலை: பாஸ்டன் அணியின் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் எறிபந்துக்காகப் பாய்ந்து மூன்றாம் பேஸ் அருகே விழுந்து கிடக்க, செயின்ட் லூயிஸ் அணியின் ரன்னர் ஆலன் கிரெய்க் அவர் மேல் தடுக்கி விழுந்தார். ரன்னர் கடைசியாகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் டேக் விழுந்தும், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சொன்ன வழிமறிப்பால் ஓட்டம் எண்ணப்பட்டு ஆட்டமே முடிந்தது. மிடில்புரூக்ஸ் வேண்டுமென்று கிடந்தாரா என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு பொருட்டே அல்ல.

ஹோம் பிளேட்டில் மட்டும் கூடுதல் கவனமாக இரு. தொலைக்காட்சியில் பார்த்த கேட்சரை (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) போலப் பையன்கள் கால் விரித்து வழியை அடைத்து நிற்பார்கள். லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதியில் பந்து கையில் இருந்தாக வேண்டும். வந்துகொண்டிருக்கிறது என்பது செல்லாது. பந்தோடு காத்திருக்கும் கேட்சர் மீது, சறுக்காமலும் விலகாமலும் நேராகப் போய் இடிப்பவன் அவுட்.

இனி உன் வழக்கு. இரண்டாம் பேஸ்மேனும் ரன்னரும் மோதினார்கள், ரன்னரை அவுட் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். கோச் என்ன சொன்னார், பாட்டி ஒருவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. மோதிய நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. பேஸ்மேனின் கையெட்டும் தூரத்திலா, அவனைத் தாண்டிப் புல்வெளிக்குப் போய்விட்டதா? அதைத் தெரிவி, பிறகு உனக்குக் கட்சி கட்டுகிறேன்.

அன்புடன்,
முரளி