சன்ஷைனில் ஏன் வீடு எடுத்தோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தென்கிழக்கே கிளேட்டனில் இருக்கும் அண்ணன் உங்களை அழைத்து, நாங்கள் மெல்பர்னின் மேற்குப் பக்கம், சன்ஷைனில் போய் வீடு எடுத்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டாராம். அதைக் கேட்டதிலிருந்து நீங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அம்மா சொன்னாள். போனில் விளக்கலாம் என்றால் பாப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வந்து இறங்கியபோது அவர் வீட்டில்தான் தங்கினோம். அண்ணி எங்களுக்காக ஒரு அறையையே ஒழித்துக் கொடுத்தார். “மேற்குப் பக்கம் வேண்டாம், ஆட்கள் சரியில்லை, பேர் கெட்ட இடம்” என்று அண்ணன் சொன்னது அக்கறையில்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நர்சிங் முடித்த புதிதில் தென்சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு பார்க்க நீங்களும் நானும் போனோமே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கார அம்மாள் காபியெல்லாம் கொடுத்து, வாடகையும் பேசி முடித்து, கடைசியில் “சொந்த ஊர் எது?” என்று கேட்டார். “வடசென்னையில் புளியந்தோப்பு” என்றீர்கள். அதன் பிறகு வீடு அவருடைய தம்பிக்குத் தேவைப்பட்டுவிட்டது. நீங்கள் பஸ்ஸில் ஒன்றும் பேசாமல் வந்தீர்கள். அப்படி ஒரு நாளைப் பார்த்தவள், ஒரு பகுதியை ஊரார் சொல்லும் பேரை வைத்து எப்படி ஒதுக்குவேன்?

முதலில் இந்த ஊரின் அமைப்பைச் சொல்கிறேன். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் இது. கிழக்கிலும் தென்கிழக்கிலும் மேடு பள்ளமும் மரங்களுமாக இருக்கும். மேற்கே எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் சமவெளி. மரமும் குறைவு, மழையும் குறைவு. நகரம் வளர்ந்த காலத்தில் இறைச்சிக் கூடங்கள், தோல் பதனிடும் பட்டறைகள், கல்குவாரிகள், பிறகு எண்ணெய்ச் சுத்திகரிப்பு, கிடங்குகள் என்று எல்லாவற்றையும் மேற்கே தள்ளினார்கள். வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே குடியேறினார்கள். வசதியானவர்கள் கிழக்கே போனார்கள். மணலியும் எண்ணூரும் தண்டையார்பேட்டையும் எப்படி உருவாயின என்பது தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘மேற்கு’ என்று சொல்லி இங்கே முகம் சுளிப்பவர்கள், பெரும்பாலும் ஒரு நாளாவது அங்கே இறங்கி நடந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வேலை பார்க்வில்லில், பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் கூடியிருக்கும் இடம். 2025 நவம்பர் இறுதியில் நகரத்துக்கு அடியில் புதிய சுரங்க ரயில் பாதையைத் திறந்தார்கள். அதில் பார்க்வில்லுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. கிளேட்டனிலிருந்தும் அதில் நேராக வரலாம், அண்ணன் அதைச் சொல்லித்தான் வற்புறுத்தினார். ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்குக் கிடங்கு வேலை மேற்கே டெரிமட்டில். கிளேட்டனிலிருந்து அவர் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும். காலையில் அந்தப் பாலத்தில் லாரியும் காருமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1970 அக்டோபர் 15 அன்று, அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து 35 தொழிலாளர்கள் இறந்த பாலம் அது. அவர்களின் நினைவிடம் பாலத்தடியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மேற்குதான் என்று முடிவான பிறகும் மேற்கில் எங்கே என்பது பெரிய கேள்வியாக நின்றது. நம்மவர்கள் பெரும்பாலும் டார்னீட், பாயின்ட் குக் பக்கம் போகிறார்கள். புத்தம் புதிய வீடுகள், நாலு அறை, இரண்டு கார் நிறுத்த இடம், தெருவுக்கு நாலு இந்தியக் குடும்பம். பார்த்தவுடன் மனம் மயங்கும். ஆனால் பாயின்ட் குக்கில் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போக வேண்டும், அதற்குள் ஒரே சாலையில் எல்லாரும் நெருக்குவார்கள். டார்னீட்டில் 2015-ல் நிலையம் திறந்தார்கள். அங்கே நிற்பவை ஜீலாங் போகும் டீசல் ரயில்கள். நகர மின்சார ரயில் இன்னும் அங்கே வரவில்லை. ஊர் வளர்ந்த வேகத்துக்கு ரயில் போதவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மதிய ஷிப்ட் இரவு 9:30-க்கு முடிகிறது. நாலு அறை வீட்டை வைத்துக்கொண்டு நடைமேடையில் குளிரில் நின்றுகொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மாப்பிள்ளையின் வேலைக்குப் பக்கமாகவே பார்க்கலாம் என்று டெரிமட், கரோலின் ஸ்பிரிங்ஸ் போனோம். அழகான தெருக்கள், ஏரி, பூங்கா எல்லாம் இருந்தன. ஆனால் பக்கத்தில் ராவன்ஹாலில் மிகப் பெரிய குப்பை நிரப்பு நிலம் இருக்கிறது. காற்று திரும்பினால் வாடை வருகிறது என்று அந்தப் பகுதி மக்கள் பல வருடங்களாகப் புகார் சொல்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒரு வாடையும் இல்லை. இருந்தாலும், கொடுங்கையூர் குப்பை மேடு எரியும்போது அத்தை வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நாள்கள் எனக்குப் போதும். பாப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்தது தண்ணீர். புளியந்தோப்பில் பிறந்தவள் மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேட்காமல் வீடு பார்ப்பாளா? ஐப்பசி பிறந்தாலே கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதானே நாம் வளர்ந்தோம். இங்கே மரிபிர்னாங் என்று ஓர் ஆறு ஓடுகிறது. படகும் புல்வெளியுமாகக் கரை அவ்வளவு அழகு. 2022 அக்டோபரில் அது பெருகி, கரையோரத்து நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எந்த மனை வெள்ளப் பகுதியில் இருக்கிறது என்பதை அரசு வரைபடத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பிடித்த ஒவ்வொரு வீட்டையும் நான் முதலில் அந்த வரைபடத்தில்தான் தேடினேன். ஏஜென்டிடம் கேட்டதற்கு, வாடகைக்கு வருபவர்கள் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை என்றார். தண்ணீர் புகுந்தால் நனைவது வாடகைக்காரரின் கட்டிலும் பீரோவும்தானே, அப்பா!

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் சன்ஷைனுக்கு வந்து சேர்ந்தோம். நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மின்சார ரயிலும் நிற்கிறது, பாலரட், பெண்டிகோ, ஜீலாங் போகும் வெளியூர் ரயில்களும் நிற்கின்றன. விமான நிலையத்துக்குப் போடப்போகும் பாதையும் இதன் வழியாகத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. பார்க்வில்லுக்கு எனக்கு ஏறத்தாழ 20 நிமிடம், மாறி ஏற வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு டெரிமட் பக்கத்திலேயே.

ஊரின் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அண்ணன் சொல்லுவார். நிலையத்து வாசலில் மாலையில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பக்கத்து புரூக்ளினில் தொழிற்சாலைப் புழுதி உண்டு; அதனால் அந்த எல்லையை விட்டு விலகி வடக்குப் பக்கமாகப் பார்த்தோம். பகலில் வீட்டைப் பார்த்தது போதாது என்று, ஷிப்ட் முடிந்து நான் வரும் நேரத்திலேயே ரயிலில் வந்து இறங்கி, வீடு வரை நடந்து பார்த்தேன். மாப்பிள்ளை பின்னால் தள்ளித்தான் வந்தார். தெருவிளக்கு எங்கே இல்லை, எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் குறைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு குறுக்குச் சந்தை விட்டுவிட்டுப் பெரிய தெரு வழியாகவே வருகிறேன். அம்மா பயப்பட வேண்டாம்.

அம்மா கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று இதையும் எழுதுகிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோவில் பிரசவ வலியோடு காத்துக்கிடந்த கதையை அவள் சொல்லாத நாளில்லை. இங்கேயும் அப்படிப்பட்ட கேட்டுகள் நிறைய இருந்தன. 2015-லிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ரயிலைக் கீழேயோ மேலேயோ கொண்டுபோகிறார்கள். 2030-க்குள் 110 கேட்டுகளை எடுத்துவிடுவது திட்டம். எங்களுக்கு அடுத்துள்ள செயின்ட் ஆல்பன்சில் இரண்டு கேட்டுகளை 2016-லேயே எடுத்துவிட்டார்கள்.

வீடு பார்க்கும் முறை நம் ஊர் மாதிரி இல்லை. குறித்த நேரத்துக்கு ஏஜென்ட் வந்து கதவைத் திறப்பார், கால் மணி நேரம்தான். வாசலில் வரிசையாக நிற்கிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டும். சம்பளச் சீட்டு, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் பரிந்துரை எல்லாம் கேட்பார்கள். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். அட்வான்ஸ் பெரும்பாலும் ஒரு மாத வாடகைதான், அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பில் கட்டிவிட வேண்டும். பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வெள்ளையடித்த கணக்கு, ஆணி அடித்த கணக்கு என்று நீங்கள் இழந்த பணத்தை நினைத்துக்கொண்டேன். வாடகையை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஏற்றவும் முடியாது.

அந்தக் கால் மணி நேரத்தில் மற்றவர்கள் சமையலறையைப் பார்க்கும்போது நான் ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு வீட்டில் புது பெயின்ட் வாசனை தூக்கலாக இருந்தது. படுக்கையறைத் திரையை விலக்கினால் ஜன்னலின் கீழ்ச்சட்டம் முழுவதும் கறுப்புப் புள்ளி, விரலில் மை போல ஒட்டியது. அலமாரியின் பின்பக்கச் சுவரிலும் அதே பூசணம், பெயின்ட்டுக்கு அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்த அறையில் குழந்தையைப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நர்சுக்குத் தெரியும். எங்கள் வீடு பழையது, மரத் தரை, மேலே ஓடு. ஆனால் கூடம் வடக்குப் பார்த்தது. இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, குளிர்காலம் முழுவதும் வடக்கு ஜன்னலில் வெயில் வரும். ஜூலையில் நாங்கள் பார்க்கப் போனபோது வெயில் கூடத்தில் பாதித் தூரம் வரை விழுந்திருந்தது. நீங்கள் வாஸ்து கேட்பீர்கள். வாசல் கிழக்கு, போதுமா?

உங்களிடம் ஆசையாகச் சொல்ல ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். சன்ஷைனில் அறுவடை இயந்திரம் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1907-ல் அந்தத் தொழிற்சாலை வழக்கில்தான் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு தொழிலாளி மனைவி மக்களோடு மனிதராக வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்து, நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் நியாயமான கூலி என்று தீர்ப்பளித்தார். கூலி என்பது முதலாளிக்கு எவ்வளவு கட்டுப்படியாகும் என்பதிலிருந்து தொடங்காமல், குடும்பத்தின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னது, இந்த நாட்டின் சம்பள முறைக்கே அடித்தளமாக நின்றது. அதைப் படித்தபோது தாத்தாதான் நினைவுக்கு வந்தார். பின்னி மில் சங்கு ஊதினால் எழுந்து ஓடியவர், 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் நம் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! நம் வீட்டுப் பிள்ளை குடியிருக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலுக்கும் குறையில்லை. சன்ஷைன் நார்த்திலேயே முருகன் கோயில் இருக்கிறது. கரம் டவுன்சில் இருக்கும் பெரிய சிவா விஷ்ணு கோயில் அண்ணன் பக்கம், விசேஷ நாளில் போய்க்கொள்ளலாம். கடைத்தெருவில் வியட்நாம்காரர்களின் கடைகள்தான் அதிகம். முருங்கைக்காய், பாகற்காய், கொத்தவரை எல்லாம் கிடைக்கின்றன. மீன் கடையில் கொடுவா பார்த்தேன், இங்கே பாரமுண்டி என்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு. கடைக்காரம்மா என் கையைத் தட்டிவிடாமல், பக்கத்து மீனின் செவுளையும் தானே விரித்துக் காட்டி, அதைவிட இது நல்லது என்று சைகை செய்தார். தலையைத் தனியாகக் கொடுத்தார். காசிமேட்டில் உங்களோடு நின்று கற்றது வீண்போகவில்லை.

பள்ளிக்கூடம் பற்றி அண்ணி நிறையச் சொன்னார். இங்கே அரசுப் பள்ளிக்கு வீட்டு முகவரியைப் பொறுத்து எல்லை உண்டு. சில பேர்போன பள்ளிகளின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவே கிழக்கே அதிக வாடகை கொடுக்கிறார்கள். பாப்பா இன்னும் முதல் வகுப்பே சேரவில்லை. எங்கள் எல்லைப் பள்ளியைப் போய்ப் பார்த்தேன், ஆசிரியை பெயர் கேட்டு, சரியாக உச்சரிக்கும்வரை சொல்லிப் பார்த்தார். எனக்கு அது பிடித்தது. மேல்நிலைப் படிப்பு வரும்போது யோசிப்போம். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழையே ஒரு பாடமாக எடுக்க இந்த மாநிலத்தில் வழியிருக்கிறது, அதை மட்டும் இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் நீங்கள் எதுவும் கடிந்து பேச வேண்டாம். அண்ணி, பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அம்மாவும் மார்ச்சில் வாருங்கள். கோடை தணிந்திருக்கும், குளிர் தொடங்கியிருக்காது. விசாவுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, தம்பியிடம் சொல்லி இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். அம்மா பாஸ்போர்ட்டில் பழைய வீட்டு முகவரியே இருக்கிறது என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்