அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம்

அன்புள்ள சுயம்பு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, பழையாற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

கன்னியாகுமரி ரயில் நிலையத்துக்கு வெளியே தூங்கும் பெரியவரை உன் மகள் எடுத்த படத்தைப் பார்த்தேன். விடியற்கால வெளிச்சத்தை அழகாகப் பிடித்திருக்கிறாள். ஆனாலும் அதைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டாயே, வேண்டாம் என்றே சொல்வேன். நாம் வாய் பிளந்து தூங்குவதை வீட்டுச் சுவர் மறைத்துவிடுகிறது. அவருக்கு அந்தச் சுவர் இல்லை என்பதால் அவர் முகம் பொதுச்சொத்து ஆகிவிடுமா?

போன வாரம் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு வயதான அம்மாவுக்குச் சில இளைஞர்கள் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். நல்ல காரியம். அவர் பிரித்து ஒரு வாய் வைப்பதற்குள் செல்போனை நீட்டினார்கள். அவர் கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "இங்கே பாருங்கள் அம்மா" என்று அவர்களும் விடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போனைக் கீழே இறக்கச் சொன்னேன். சொந்த ஊரில் பேத்தியோ சம்பந்தியோ அந்தப் படத்தைப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு விலையா?

படமே எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டோரதியா லாங் என்ற புகைப்படக்காரர் எடுத்த ஓர் ஏழைத் தாயின் படம் வெளியானதும் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. ஆனால் அது வருவதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்குக் காலணா கிடைக்கவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது அவர் மனம் நொந்து சொன்னார். உலகமே பார்த்த முகம் அது!

நம் கடற்கரையில் நாய்கள் சூழக் கந்தல் துணியோடு திரிந்த துறவி மாயம்மாவின் படத்தை எத்தனையோ பேர் வைத்துக் கும்பிடுகிறார்கள். அதே கரையில் அதே கோலத்தில் இன்று உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட நமக்கு நேரமில்லை.

சம்மதம் கேட்பதென்றால் வெறும் தலையாட்டல் போதாது. அவர் விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். படத்தைக் காட்டி, அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டும். புத்தி தெளிவில்லாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வரும்போது மகளையும் அழைத்து வா. ரயில் நிலையத்தில் அந்தப் பெரியவரைத் தேடிப் பார்ப்போம். அவர் சரி என்றால் அனுப்பட்டும். டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
ராஜமணி