காருக்கு ஜிஎஸ்டி குறைஞ்சது சரி, சைக்கிளுக்கும் குறைஞ்சுச்சே ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புதுக்கோட்டைலேர்ந்து எழுதுறேன். உங்க பேப்பர எங்க வீட்ல பல வருஷமா வாங்குறோம், லெட்டர் போடுறது இதான் முதல் தடவ. 2025 செப்டம்பர் 22ம் தேதி ஜிஎஸ்டி குறைஞ்சப்போ சின்னக் காருக்கு 28 சதவீதம், அதுக்கு மேல செஸ்ஸுன்னு இருந்தது 18 ஆயிடுச்சுன்னு பக்கம் பக்கமா போட்டீங்க, கார் வாங்க இதான் நேரம்னு ஒரு கட்டுரை, அதுக்குக் கீழயே இஎம்ஐ இவ்ளோதான்னு விளம்பரம். அதே தேதில சைக்கிளுக்கும் 12 சதவீதம் இருந்தது 5 ஆச்சு, அது என் கண்ணுல எங்கயும் படல. ஏழாயிரம் ரூபா சைக்கிள்ல நானூத்தி சொச்சம் குறையும், அது ஒரு டயர் டியூப் மாத்துற காசு, சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களுக்கு அது நியூஸ்தான். ஆனா நான் எழுத வந்தது அதுக்காக மட்டும் இல்ல. அந்தக் கட்டுரையப் பாத்துட்டு எங்க தெருவுலயே ரெண்டு வீட்ல கார் புக் பண்ணிட்டாங்க, ரெண்டு பேருமே எங்கள மாதிரி மாசச் சம்பளக்காரங்க, ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் கார் லோன்ங்கற அந்தக் குழிலேர்ந்து வெளிய வந்தவ நானு, அதான் மனசு கேக்கல.

நான் ஒரு ஹார்டுவேர் கடைல கணக்கு எழுதுறேன். கைப்பழக்கம், வீட்டுக் கணக்கையும் ஒரு நோட்டுல எழுதிருவேன், ரெண்டு ரூபா கொத்தமல்லிகூட அதுல இருக்கும். 2018 ஆயுத பூஜைக்கு நாங்க கார் எடுத்தோம். ஷோரூம் வெல 6,05,000, ரோடு டாக்ஸ் அப்ப 10 சதவீதம், அது 60,500, இன்சூரன்ஸ் 31,500 (அந்த வருஷம் செப்டம்பர்லேர்ந்துதான் புதுக் காருக்கு மூணு வருஷ தேர்டு பார்ட்டி சேத்தே கட்டணும்னு வந்துச்சு), ரிஜிஸ்ட்ரேஷன் அது இதுன்னு 11,000, ஆக மொத்தம் கைக்கு வர்றப்போ 7,08,000. அதுல 1,58,000 நாங்க போட்டது, என் செயின அடகு வச்சுப் போட்டது, அந்த நகை வட்டிய நான் இந்தக் கணக்குல சேக்கவே இல்ல. மீதி அஞ்சரை லட்சம் லோன், ஒம்பதரை சதவீதம், 84 மாசம், மாசம் 8,990. அப்ப எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேத்தே நாப்பதாயிரந்தான்.

அன்னிக்கி எல்லாரும் என்னா சொன்னாங்கன்னா, பெட்ரோல் மட்டும் பாத்துக்கங்க மத்தபடி ஒண்ணும் செலவு இல்லன்னு. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம், மாசம் ரெண்டாயிரம் பெட்ரோல், தாங்கிரலாம்னு. நோட்டப் பாத்தா ஏழு வருஷத்துல வண்டி ஓடுனது 28,000 கிலோமீட்டர், பெட்ரோலுக்குப் போனது 1,90,000. லோன் தவணை மட்டும் 7,55,160. சர்வீஸ் 58,000, நாலு டயரும் பேட்டரியும் 24,000, அடுத்தடுத்த வருஷ இன்சூரன்ஸ் 68,500, டோல், பார்க்கிங், வாட்டர் வாஷ், பொகை சர்டிபிகேட், ஒரு ஃபைன் எல்லாம் சேத்து 21,000. கூட்டிக் கழிச்சா 12,74,660. 2025 நவம்பர்ல 2,60,000க்கு வித்தோம். கைய விட்டுப் போனது 10,14,660. கிலோமீட்டருக்கு 36 ரூபா. மாசத்துக்கு 12,000க்கு மேல. மொத்தச் செலவுல பெட்ரோல் அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல, மத்ததுல பெரும்பகுதி வண்டி ஓடுனாலும் ஓடாட்டியும் போற காசு, இத எந்த ஷோரூம்லயும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல.

வண்டி ஓடாம நின்னதுதான் ஜாஸ்தி. 2020 லாக்டவுன்ல வீட்டு வாசல் வேப்ப மரத்தடில மாசக்கணக்கா நின்னுச்சு, பேட்டரி செத்துப் போச்சு, பானட்டத் தொறந்தா எலி உள்ள தேங்காநாரும் கிழிஞ்ச துணியும் கொண்டாந்து கூடு கட்டி வயரையெல்லாம் கடிச்சு வச்சிருந்துச்சு. மெக்கானிக் ஒவ்வொரு வயரா எடுத்துக் காமிச்சப்போ எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம நின்னாரு, அவருக்கு அப்ப பாதிச் சம்பளந்தான். அந்த மாசமும் தவணை கட்டுனோம். தள்ளிக் கட்டலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சு, ஆனா தள்ளி வச்சாலும் வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்னு நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வேணாம்னுட்டேன்.

இன்னொண்ணு, வண்டி மதிப்பு எவ்ளோ வேகமா இறங்குதுங்கறது இன்சூரன்ஸ் காகிதத்துலயே இருக்கு, யாரும் படிக்கறது இல்ல. ஐடிவின்னு போட்டிருப்பாங்க, வண்டிக்கு இன்சூரன்ஸ்காரங்க வைக்கற மதிப்பு அது, அந்தக் கணக்குப்படி ஷோரூம விட்டு வெளிய வந்த ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம் கழிப்பாங்க, ஒரு வருஷத்துக்குள்ள 15, ரெண்டு வருஷத்துக்குள்ள 20, அப்பறம் 30, 40, அஞ்சாவது வருஷம் பாதி. வீடு, நெலம், நகைன்னா வெல ஏறும்னு நம்பி கடன் வாங்குறோம், பாதியாப் போற பொருளுக்கு ரெண்டு லட்சம் வட்டி கட்டிருக்கோம் ஐயா.

இப்ப சைக்கிள் கணக்கு. எனக்கு கார் ஓட்டத் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்கு 18 கிலோமீட்டர் தள்ளி வேலை, அவரு பைக்ல போயிருவாரு. கார் வாசல்ல நின்னப்பவும் நான் கடைக்குப் போனது 2014ல 4,300 ரூபாய்க்கு வாங்குன லேடீஸ் சைக்கிள்லதான். போக மூணு, வர மூணு கிலோமீட்டர், எங்க ஊர் ராஜ வீதியெல்லாம் அந்தக் காலத்துலயே நேர்நேரா போட்டது, மேடு பள்ளம் பெருசா கிடையாது, இருவது நிமிஷத்துல போயிருவேன். வருஷத்துக்கு 300 நாள்னு வச்சா இதே ஏழு வருஷத்துல 12,600 கிலோமீட்டர். மூணு செட் டயர் 1,980, டியூப் 900, பிரேக் கட்ட 600, செயினும் ஃப்ரீவீலும் 650, பஞ்சர் 750, ஓவராயில் மூணு தடவ 1,500, சீட்டு 350. மொத்தம் 6,730. சைக்கிள் வெலையவும் முழுசா சேத்தா 11,030. கிலோமீட்டருக்கு 88 பைசா. கார் ஒரு மாசத்துக்குத் தின்னதுல சைக்கிள் ஏழு வருஷம் ஓடி மிச்சமும் இருக்கு. இத எழுதிட்டு மறுபடி மறுபடி கூட்டிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு.

பஞ்சர் ஒட்டுற அண்ணன் கடைல நிக்கறது எனக்குப் புடிக்கும். டியூப உருவி, காத்தடிச்சு, தண்ணித் தொட்டில சுத்தி சுத்தி அமுக்குவாரு, ஒரு எடத்துல பொடிப் பொடியா குமிழி வரும், அந்த எடத்த நகத்தால அடையாளம் வச்சுக்கிட்டு, தொடச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவி ஊதிக் காய வச்சு ஒட்டு போடுவாரு. எங்க கோளாறு, எப்படி சரியாச்சு, எவ்ளோ காசு, எல்லாம் கண்ணு முன்னாடி. கார் சர்வீஸுக்கு விட்டா சாயங்காலம் ஒரு பில்லு வரும், அதுல பாதி ஐட்டம் என்னன்னே நமக்குத் தெரியாது, கேட்டா செஞ்சாகணும் மேடம்பாங்க, கட்டிட்டு வருவோம்.

புதுக்கோட்டைக்காரங்களுக்கு சைக்கிள்னா சும்மா இல்ல ஐயா. அறிவொளி இயக்கம் நடந்தப்போ எனக்கு எட்டு வயசு. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்தாங்க, எழுதப் படிக்கறதோட பொம்பளைங்க சைக்கிளும் கத்துக்கணும்னு ஊர் ஊரா நடத்துனாங்க. எங்க அம்மா அங்கன்வாடில ஆயா, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊரு, பஸ்ஸு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, விட்டா நடைதான். பள்ளிக்கூடத்து கிரவுண்டுல சாயங்காலம் தொண்டர் புள்ளைங்க ரெண்டு பேரு கேரியர புடிச்சுக்கிட்டு ஓடுவாங்க, அம்மா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு மிதிப்பாங்க, முட்டியெல்லாம் செராய்ப்பு, கெணத்தடில வேப்பெண்ணெய் போட்டுக்கிட்டு மறுநாளும் போவாங்க. ரோட்டுல ஆம்பளைங்க என்னென்னமோ பேசுனாங்க. லேடீஸ் சைக்கிள் கெடைக்கல, அம்மா வாங்குனது கடன்ல பெரிய சைக்கிளு, ஆனா அந்த பார்ல துண்டச் சுத்தி என்னைய உக்கார வச்சுக்கிட்டுப் போவாங்க, பார் இருக்கறதே நல்லதுன்னுதான் அப்ப நெறைய பேரு அதையே கேட்டு வாங்குனாங்க. பஸ்ஸுக்கு நின்ன நேரம் மிச்சமாச்சு, தண்ணிக் குடத்த ஆளுக்காகக் காத்துக்கிட்டு இல்லாம அவங்களே கேரியர்ல கட்டிக் கொண்டாந்தாங்க. ரெண்டு வருஷத்துல கடன் அடஞ்சுச்சு. யாரு கையையும் எதிர்பாக்காம ஒரு எடத்துக்குப் போறதுன்னா என்னான்னு எனக்குக் காட்டுனது அந்த சைக்கிள், கார் இல்ல.

அப்பறம் ஏன் கார் வாங்குனீங்கன்னு கேப்பீங்க. சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போனா எதுல வந்தீங்கன்னுதான் முதல்ல கேக்கறாங்க, பஸ்ஸுன்னு சொல்லச் சொல்ல எங்க வீட்டுக்காரர் மொகம் வாடும். ராத்திரி அவசரம்னா என்னா பண்றதுன்னு ஒரு பயம் வேற. ஏழு வருஷத்துல ராத்திரி ஆஸ்பத்திரிக்கு கார் எடுத்தது ரெண்டே தடவ, மூணாவது தடவ மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, வாசல்ல கார் நின்னும் 108லதான் ஏத்திட்டுப் போனோம். டாக்ஸி வச்சுக்கிட்டே இந்த 28,000 கிலோமீட்டரும் போயிருந்தாலும் இவ்ளோ காசு ஆகியிருக்காது, அதுலயும் சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட் காசே கிடையாது.

எல்லாரும் சைக்கிள்ல போங்கன்னு நான் சொல்ல வரல. நடக்க முடியாத புள்ளைய வச்சிருக்கறவங்களுக்கு, தெனம் நாப்பது கிலோமீட்டர் போறவங்களுக்கு, காரே பொழப்பா இருக்கற டிரைவர்மாருக்கு கார் வேணும்தான். மழைக்காலத்துல நானும் நனஞ்சுதான் போறேன், சித்திரை வெயில்ல மூணு கிலோமீட்டரே கண்ணக் கட்டும். டிப்பர் லாரி ஒரசிக்கிட்டுப் போறப்போ ரோட்டு ஓரம் தார் முடிஞ்சு அரை அடி பள்ளத்துல மண்ணு, அதுல இறங்குனா முன்வீல் சறுக்கும், போன மாசம் ஒரு பள்ளிக்கூடப் புள்ள என் கண்ணு முன்னாடி விழுந்துச்சு, நல்ல வேள பின்னால வண்டி வரல. அந்தப் புள்ள ஓட்டுனது கவர்மெண்ட் சைக்கிள். 2001ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு அப்பறம் கவர்மெண்ட், உதவி பெறும் பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் படிக்கற புள்ளைங்க எல்லாருக்கும்னு ஆன திட்டம், என் பொண்ணுக்கும் இந்த வருஷம் கெடச்சிருக்கு. வருஷா வருஷம் லட்சக்கணக்குல சைக்கிள் குடுக்கறோம், அந்தப் புள்ளைங்க போறதுக்கு ரோட்டுல ரெண்டடி எடம் குடுக்கறதுதான் இல்ல. 2011 சென்சஸ்படி நம்ம நாட்டுல சைக்கிள் இருக்கற வீடு நூத்துக்கு 45 கிட்ட, கார் இருக்கற வீடு அஞ்சுகூட இல்ல. இப்ப அந்த நம்பர் மாறியிருக்கும், ஆனாலும் ரோடு போடறப்போ யார நெனச்சுப் போடறாங்கன்னு நீங்கதான் கேட்டு எழுதணும்.

நவம்பர்ல லோன் முடிஞ்சு பேங்க்ல பாக்கி இல்லன்னு என்ஓசி வாங்கி, ஆர்சில ஹெச்பிங்கற கடன் பதிவ கேன்சல் பண்ணி, கார குடுத்த அன்னிக்கி எங்க வீட்டுக்காரருக்கு வருத்தம்தான், ராத்திரி சாப்புடல. அடுத்த மாசம் 5ம் தேதி தவணை எஸ்எம்எஸ் வரல. அவரே எடுத்து என்கிட்ட காமிச்சாரு, அக்கவுண்ட்ல காசு அப்படியே இருந்துச்சு. அந்தப் பணத்துல என் செயின மீட்டாச்சு, மாசம் அஞ்சாயிரம் பொண்ணு காலேஜுக்குன்னு ஆர்டி போட்டிருக்கோம். பரண்ல கெடந்த அம்மாவோட பெரிய சைக்கிளயும் எறக்கி ரிம் கோட்டம் எடுத்து, பால்ரஸ் குண்டு மாத்தி, ரெண்டு டயரும் புதுசா போட்டோம், 1,850 ஆச்சு, ஞாயித்துக்கிழம மார்க்கெட்டுக்கு அவரு அதுலதான் போறாரு.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான் ஐயா. அடுத்த தடவ கார் கட்டுரை போடறப்போ இஎம்ஐ எவ்ளோன்னு மட்டும் போடாதீங்க, ஏழு வருஷத்துல டாக்ஸ், வட்டி, இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் சேத்து கிலோமீட்டருக்கு எவ்ளோ ஆகும்னு ஒரு கட்டம் கட்டிப் போடுங்க, பக்கத்துலயே பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் அதே மாதிரி போடுங்க. படிச்சுட்டு வாங்கறவங்க வாங்கட்டும். என் நோட்டு வேணும்னா சொல்லுங்க, ஏழு வருஷப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு
உங்க வாசகி
புதுக்கோட்டை