திருகோணமலை வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழமைபோல இவ்வாண்டும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளின் பின்னேரங்களில்தான் கூடினோம். ஆண்டின் முற்பகுதி கிழக்கிலங்கைச் சிறுகதைகளோடு போனது. பொதுநூலகத்துக்குப் பழைய சஞ்சிகைகளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை தொடர்கிறது. கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தால் கூட்டம் நடத்த முடியவில்லை. அந்த நாட்களில் நம்மில் பலர் மூதூர், வெருகல் பக்கம் உலருணவுப் பொதிகளோடு நின்றார்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நான் இங்கே விரிவாகப் பதிய விரும்புவது, வைகாசி தொடக்கம் ஆடிப் போயா வரை நம்மைப் பேசவும் கோபப்படவும் வைத்த ஒரு நாவலைப் பற்றி.

உப்புவெளி விருந்தினர் விடுதியொன்றில் வேலை செய்யும் நம் தம்பி ஒருவர், வெள்ளைக்காரப் பயணி ஒருவர் விட்டுச் சென்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் தாள்கள் ஊதிப்போய், விரித்தால் நடுமடிப்பிலிருந்து மணல் உதிரும் பிரதி. அமெரிக்க எழுத்தாளர் கெம் நன் 1984இல் எழுதிய முதல் நாவல், ‘டாப்பிங் த சோர்ஸ்’. அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் முதல் புனைவுக்கான இறுதிப் பட்டியல் வரை வந்தது. ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்கள் கைமாற்றி வாசித்தார்கள். மற்றவர்களுக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சுருக்கி எழுதித் தந்தார். அந்தக் கொப்பிகளுக்கு வட்டம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

கதை கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச்சில் நடக்கிறது. பாலைவன ஊரொன்றில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஐக் டக்கர் என்ற பெடியன், வீட்டை விட்டுப் போன அக்கா எலனைத் தேடி அங்கே வருகிறான். அவளோடு மெக்சிகோவுக்குப் போனவர்கள் என்று மூன்று பேரின் பெயர் எழுதிய துண்டுக் கடதாசி மட்டும் அவன் கையில். அந்த மூவரும் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டுச் செய்கிறவர்கள். அவர்களை நெருங்க அவனும் பலகை எடுத்துக் கடலில் இறங்குகிறான். பிரெஸ்டன் என்ற முரட்டு மோட்டார் சைக்கிள்காரன் அவனுக்குத் துணை நிற்கிறான். அவனே ஒரு காலத்தில் அந்தக் கடலில் பெயர் பெற்றவன். ஹவுண்ட் ஆடம்ஸ் என்ற இன்னொருவன் போதைப்பொருளும் விருந்துமாகப் பெடியனை வளைத்துப் போடுகிறான்.

முதற் கூட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. “பிள்ளைகள் வந்து போற இடத்தில இதை வாசிக்கலாமோ?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். போதை, பாலியல், இரத்தம், ஒரு நல்ல மனிதர்கூட இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் சொன்னதில் பொய் இல்லை. நாவல் எதையும் பூசி மெழுகாது. நிர்வாகக் குழு கூடி, பாடசாலை வயதினருக்கு வேறு கூட்டம் என்று முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அவரும் கடைசிக் கூட்டம் வரை வந்து, கடைசி வரை எதிர்த்துப் பேசினார். அதற்காக அவருக்கு என் நன்றி.

கடலைப் பற்றிய பக்கங்களில் எல்லோரும் ஒன்றுபட்டோம். அந்தப் பேச்சை எடுத்துத் தந்தவர் மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வரும் அண்ணர். நம் நிலாவெளியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்க, அதே மாதங்களில் பொத்துவில் அறுகம் குடாவில் மட்டும் உலகமெங்கும் இருந்து பலகையோடு வருகிறார்களே, ஏன் என்று ஒருவர் கேட்டார். அண்ணர் மேசையில் விரலால் கரையை வரைந்து காட்டினார். தெற்கே தொலைதூரப் பெருங்கடலில் எழும் அலை பல நாள் ஓடிவந்து, அறுகம் குடா முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காக உடைந்துகொண்டு போகிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் சிதறாமல் நிற்கிறது. நமது கரை அந்தத் தென் அலைக்கு ஒதுங்கி, வடகிழக்கைப் பார்த்தபடி இருக்கிறது. நமக்கு அலை வருவது வடகிழக்கு வாடைக் காற்றோடு, அதுவும் கலங்கிக் குழம்பித்தான். ஹண்டிங்டன் கரையோ தென்மேற்கைப் பார்த்தது. கோடையில் தென் அலையும் மாரியில் வடமேற்கு அலையும் அதற்குக் கிடைக்கும்.

சர்ஃபிங் பெடியங்கள் ஓர் அலைக்காக ஏன் கைகலப்பு வரை போகிறார்கள் என்பது சிலருக்குப் பிடிபடவில்லை. அலை உடையும் இடத்துக்கு மிகக் கிட்ட நிற்பவனுக்கே அந்த அலை, அவனுக்கு முன்னால் இன்னொருவன் குறுக்கே இறங்கினால் அது அவமதிப்பு. “கரைவலைப் பாடு மாதிரித்தானே. என்ர பாட்டில நீ வலை வளைச்சா நான் சும்மா இருப்பனோ?” என்றார் அண்ணர். பாடு என்பது கரையில் வலை வளைக்க ஒருவருக்கு உரிய இடம். அதற்குப் பிறகு அந்தச் சண்டைகளை யாரும் சில்லறைச் சண்டை என்று சொல்லவில்லை.

ஆனிப் போயாக் கூட்டம் ஹவுண்ட் ஆடம்ஸோடு போயிற்று. நான் எதிர்பார்க்காத அளவுக்குத் தாய்மார் அதில் பேசினார்கள். பெடியனுக்கு அவன் முதலில் கொடுப்பது மரியாதை. பிறகு கையில் காசு. பிறகு ஒரு சின்ன வேலை: கடற்கரையில் பெட்டைகளோடு கதைத்து விருந்துக்குக் கூட்டிவருவது. அக்காவைத் தேடி வந்தவன் மற்றவர்களின் அக்கா தங்கைகளை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகிறவனாக மாறுவதை நாவலாசிரியர் அவசரப்படாமல் காட்டுகிறார். “ஐஸ் விக்கிறவனும் முதல்ல அண்ணன் மாதிரித்தான் வாறான்” என்றார் ஓர் அம்மா, ஐஸ் என்ற போதைப்பொருளைச் சொல்லி. நாவலின் மிகப் பெரிய பலம் இந்தப் பகுதிதான் என்று நானும் சொல்வேன். கெட்டவன் கெட்டவனாகவே வந்திருந்தால் ஐக் தப்பியிருப்பான்.

குறைகளும் பேசப்பட்டன. கடைசிப் பகுதியின் பண்ணை வீட்டுக் கோரம் மிகையானது என்று பெரும்பான்மையோர் கருதினார்கள். அதுவரை நம்பும்படி நகர்ந்த கதை அங்கே கையை விட்டுப் போகிறது என்பது என் கருத்தும். ஓய்வுபெற்ற தாதி அக்கா ஒருவர் இதைவிடக் கனமான குறையைச் சொன்னார். எலனைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், எலன் கதைப்பதே இல்லை. தம்பியின் நினைவிலும் மற்ற ஆண்களின் வாயிலும் மட்டும் அவள் இருக்கிறாள். ஒரு பெண்ணைத் தேடும் கதையில் அந்தப் பெண் யாரென்று தெரியாமலே நாவலை மூடுகிறோம் என்றார். இளம் உறுப்பினர்கள் சிலர், தேடுகிறவனின் கண்ணால் சொல்லப்படும் கதை அப்படித்தான் இருக்கும் என்று மறுத்தார்கள். நான் அக்காவின் பக்கம்.

ஆடிப் போயாவன்று அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மா எழுந்தார். அவருடைய அண்ணன் 1990இல் காணாமற்போனவர். “அந்தப் பெடியன் மூண்டு பேரை எழுதின துண்டோட போறான். எங்கட அம்மாவிட்டயும் ஒரு துண்டு இருந்தது. கூட்டிக்கொண்டு போன வாகனத்தின்ர இலக்கம், கண்டவையின்ர பேர். முகாம் வாசலில காட்டிக் காட்டி மடிப்புக் கிழிஞ்சு போச்சு. பிறகு அதைச் சோறால ஒட்டி வைச்சிருந்தவ” என்றார். 2016இன் சட்டப்படி காணாமற்போனோர் அலுவலகம் வந்தபோதும் தாயார் அந்தத் துண்டைக் கொண்டுபோகத்தான் தேடினாராம். ஐக் பாதி வழியில் தேடலை மறந்து கடலில் மகிழ்ந்திருக்கும் பக்கங்களைத்தான் தன்னால் வாசிக்க முடியவில்லை என்றும், அந்தப் பக்கங்கள்தான் உண்மையானவை என்றும் அவர் சொன்னார். “தேடிக்கொண்டிருக்கேக்கயும் நாங்கள் கலியாணம் கட்டினம், சிரிச்சம்.” அதன் பின் அன்று வேறு யாரும் பேசவில்லை. தலைவர் கூட்டத்தை முடித்துத் தேநீருக்கு அழைத்தார்.

இந்த நாவலை எடுத்தது சரியா என்ற கேள்வி நிர்வாகக் குழுவில் இன்னமும் இருக்கிறது. என் பதில் அந்த ஆடிப் போயாக் கூட்டம்தான். குற்றக்கதை என்று ஒதுக்கியிருந்தால் அந்த அம்மாவின் பேச்சு நம் பதிவேட்டில் இருந்திருக்காது. மதிப்புக்குரிய எத்தனையோ நூல்களை இந்த மண்டபத்தில் வைத்துப் பேசியிருக்கிறோம். அவற்றில் எதற்கும் அவர் எழுந்ததில்லை.

ஆகவே வரும் ஆண்டுக்காக மூன்று விடயங்களைச் சபையின் அனுமதிக்கு முன்வைக்கிறேன். ஆசிரியையின் தமிழ்ச் சுருக்கக் கொப்பிகளைத் தட்டச்சு செய்து வட்டத்தின் அலுமாரியில் வைப்பது. பொத்துவில் வாசகர்களை அழைத்து, சித்திரையில் அங்கே அலைக்காலம் தொடங்கும் முன்னர் ஒரு கூட்டுக் கலந்துரையாடல் நடத்துவது. இதே ஆசிரியரின் 2004ஆம் ஆண்டு நாவலான ‘டிஹுவானா ஸ்ட்ரெய்ட்ஸ்’ நூலின் பிரதியொன்றை வாங்குவது. அமெரிக்க–மெக்சிகோ எல்லைக் கரையில் நடக்கும் அதன் கதையின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். தாதி அக்காவின் குறைக்கு அதில் பதில் கிடைக்கிறதா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

முதற் பிரதி இப்போது நான்காவது கையில் இருக்கிறது. வாசித்து முடித்தவர் தைப் போயாவுக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன், இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள்.

நன்றி.

செயலாளர்
வாசகர் வட்டம், திருகோணமலை