எல்லாச் சுவரொட்டியிலும் அதே கத்தி ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயதினருக்கான த்ரில்லர் படங்களின் சுவரொட்டிகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்றும், வடிவமைப்பாளர்களின் கற்பனை வறட்சியே அதற்குக் காரணம் என்றும் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. முதல் பாதியை நான் மறுக்க மாட்டேன். நீல இருள், தலையை மூடிய உருவம், கையில் கத்தி, மேலே மிதக்கும் நான்கு முகங்கள் என்ற இந்தக் கலவையை நானே எத்தனை முறை செய்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் காரணத்தைக் கட்டுரையாளர் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்.

பெரும்பாலான படங்களில் வடிவமைப்பாளரை அழைக்கும்போது படப்பிடிப்பே முடிந்திருக்கும். திரைக்கதைப் பிரதி கைக்கு வராது. கதையை உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரமிருக்காது. வருவதெல்லாம் தளத்தில் எடுத்த ஸ்டில்கள் அடங்கிய ஒரு ஃபோல்டர்தான். காட்சி நடந்துகொண்டிருக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் நின்று எடுத்த படங்கள் என்பதால், ஒருவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சமும் இன்னொருவர் முகத்தில் ட்யூப்லைட் வெளிச்சமும் விழுந்திருக்கும். அவற்றை ஒரே சட்டத்துக்குள் ஒட்டவைக்க எளிய வழி, மொத்தத்தையும் நீலமாக்கி, வெட்டிய விளிம்புகளின்மேல் புகையைப் பரப்புவதுதான். திகில் சுவரொட்டிகளில் கட்டுரையாளர் கண்ட புகையில் பாதியாவது ஒட்டு வேலையை மறைப்பதற்காகப் போட்டது. பயமுறுத்துவது அதன் வேலையே அல்ல.

பள்ளியில் நடக்கும் மர்மக் கதை ஒன்றுக்கு நான் இரண்டு மாதிரிகள் வரைந்து கொடுத்தேன். ஒன்றில், கேட்டபடியே, கத்தியும் முகமூடி உருவமும் இருந்தன. மற்றொன்று ஒரு வகுப்புக் குழுப்படம்: நல்ல வெயில், சீருடை, மூன்று வரிசை, எல்லோரும் சிரிக்கிறார்கள், முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் 11 பேர், பெஞ்சின் கீழே தெரிவதோ 12 ஜோடிக் காலணிகள். இரண்டையும் அக்காள் மகளிடம் காட்டினேன். அவளுக்கு வயது 14. கத்தியைப் பார்த்தவுடன், "இது நான் ஏற்கெனவே பார்த்த படம் மாமா" என்றாள். அந்தப் படம் அப்போது எடிட்டிங்கில்தான் இருந்தது. குழுப்படத்தைப் பார்த்து முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விரலைத் திரையில் வைத்து ஓசையில்லாமல் எண்ணத் தொடங்கினாள். ஒரு முறை எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அதை உடனே தன் தோழிக்கு அனுப்பலாமா என்றும் கேட்டாள். (கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது.)

தயாரிப்புத் தரப்புக்கும் குழுப்படம் பிடித்திருந்தது. நாயகன் முகம் பெரிதாக இல்லையே என்ற வழக்கமான குறையைக்கூடப் பேசிச் சரிக்கட்டியாயிற்று. ஆனால் அதை எடுக்க வழியில்லை. மாணவர்களாக நடித்தவர்கள் கலைந்துபோயிருந்தார்கள், சீருடைகள் வாடகைக்கு எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டன, பள்ளி வளாகத்துக்குக் கிடைத்த அனுமதியும் முடிந்திருந்தது. படப்பிடிப்பின்போது ஒரு மதிய இடைவேளையில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய படம் அது. ஆகவே கத்தியே அச்சுக்குப் போயிற்று.

அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ், இயக்குநர் ஓட்டோ பிரமிஞ்சரின் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) படத்துக்குச் செய்த சுவரொட்டியில் இரத்தமும் இல்லை, ஆயுதமும் இல்லை. காகிதத்தில் கத்தரித்ததைப் போன்ற ஒரு கறுப்பு மனித உருவம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். படத்தின் தொடக்கத் தலைப்புக் காட்சியையும் அவரேதான் அமைத்தார். படம் உருவாகும் இடத்துக்குள் அவர் இருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சுறாமீன் படமான 'ஜாஸ்' (1975) சுவரொட்டிக்கான ஓவியமோ, படம் வெளிவருமுன்பே நாவலின் காகித அட்டைப் பதிப்புக்காக ரோஜர் காஸ்டெல் வரைந்தது. நீந்துகிற பெண்ணுக்குத் தனக்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். ஒரு பல்கூட அவள்மேல் படாமலேயே நமக்கு உடல் சிலிர்க்கிறது.

இளவயதினருக்கான படம் என்றால் இந்த அடக்கம் இன்னும் தேவைப்படுகிறது. படத்துக்கு வயது வரம்பு உண்டு; தெருவில் ஒட்டிய தாளுக்கு அது கிடையாது, ஆறு வயதுக் குழந்தையும் அதைக் கடந்துதான் போகிறது. இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, வன்முறைக்காக 'ஆர்' சான்று (17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது) பெற்ற 44 படங்களை ஆராய்ந்து, அவற்றில் 35 படங்களின் விளம்பரம் 17 வயதுக்குட்பட்டோரைக் குறிவைத்திருந்ததைக் கண்டறிந்தது. உள்ளே இருக்கும் படம் ஒன்று, வெளியே காட்டும் முகம் வேறு என்றானால் ஏமாறுவது அந்த வயதினர்தான். திரைக்கதையையே படிக்காத வடிவமைப்பாளர், உள்ளே இருப்பதற்கு ஏற்ற முகத்தை எப்படி வரைய முடியும்?

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. 27 அங்குல அகலமும் 40 அங்குல உயரமும் கொண்ட தாளுக்காக நாங்கள் மெனக்கெடும் வேலையைப் பதின்வயதினர் முதலில் பார்ப்பது கைபேசியில், கட்டைவிரல் நகத்தளவில். அச்சில் கறுப்பு மையை மட்டும் அடித்தால் பெரிய பரப்பு சாம்பல் பூத்துத் தெரியும் என்று, அடியில் நீலத்தைச் சேர்த்து ஆழம் கூட்டுகிறோம். அதே கறுப்பு வெயிலில் கைபேசித் திரையில் கண்ணாடியாகிப் பார்ப்பவரின் முகத்தையே காட்டுகிறது. தலைப்பு எழுத்தின் பாடு இன்னும் மோசம். ஆங்கில எழுத்தில் எங்கே கீறினாலும், எங்கே துளி தெளித்தாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். தமிழில் 'நிழல்' என்று எழுதி, ழகரத்தின் தலைக்குமேல் அழகுக்காக ஓர் இரத்தத் துளியை விட்டால் அது 'நிழ்ல்' ஆகிவிடும். புள்ளியைத் துளி என்று நினைத்து அழித்த உதவியாளரும் உண்டு, துளியைப் புள்ளி என்று நினைத்துக் காப்பாற்றிய உதவியாளரும் உண்டு. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் வேண்டாம். பத்து நாள் போதும். கிடைப்பது மூன்று நாள்.

ஆகவே, கற்பனையைக் குறைகூறுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒளிப்பதிவாளரோடும் கலை இயக்குநரோடும் பேச்சு நடக்கிற அதே வாரத்தில் சுவரொட்டி வடிவமைப்பாளரும் திரைக்கதையைப் படிக்கட்டும். படப்பிடிப்பு அட்டவணையில் சுவரொட்டிக்கென்று ஒரே ஒரு நாள் குறிக்கப்படட்டும். அதன் பிறகும் கத்தியே வந்தால் எங்களைத் திட்டலாம்.

கடைசியாக ஒரு சிறு குறை. கட்டுரையோடு ஐந்து சுவரொட்டிகளை அச்சிட்டிருந்தீர்கள். இடம் போதாமையால் ஐந்திலும் அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. வடிவமைத்தவர் பெயர் வழக்கமாக இருப்பது அந்த அடிப்பகுதியில்தான்.

இப்படிக்கு,
திரைப்பட விளம்பர வடிவமைப்பாளர் ஒருவர்