ஜனவரியில் வைத்த காற்று மே மாதத்துக்கு ஆகாது

அன்புள்ள செல்வா,

டேய், மூன்று வாரமாக உனக்குப் பதில் போடவில்லை. முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, சத்துவாச்சாரி வீட்டில் மாடி எழும்ப ஆரம்பித்துவிட்டது, ஜானிக்கு இரண்டாவதும் பெண்.

"ரேஸ் டிராக்கில் பைக் ஓட்ட நீ டயரில் எவ்வளவு காற்று வைத்தாய், நம்பரை மட்டும் சொல், மே மாதம் வரும்போது நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டிருந்தாய். அந்த நம்பரை எழுத எனக்குக் கை வரவில்லைடா. அண்ணியின் பையன் தினேஷ் டிராக்கில் விழுந்துவிட்டான். பயப்படாதே, மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. ஆனால் அண்ணி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அந்த டயருக்குக் காற்று பிடித்தவன் நான்தான்.

ஜனவரி கடைசி ஞாயிறு. விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, கிரீன் சர்க்கிள் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு வண்டிக்கும் காற்று பிடித்தோம். அங்கே மீட்டர் 30 பி.எஸ்.ஐ. காட்டியது, அதுதான் காற்றழுத்தக் கணக்கு. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போய், காலையில் இரண்டு தடவை டிராக்கில் இறங்கினோம். பையன் நன்றாகவே ஓட்டினான். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வண்டி நிழலில் நின்றது. திரும்ப இறங்கிய முதல் சுற்றிலேயே, காலையில் விட்ட அதே வேகத்தில் ஒரு இடது வளைவில் சாய்த்தான், முன்சக்கரம் வழுக்கிப் போய்விட்டது. வண்டியை நிமிர்த்தி டயரைத் தடவிப் பார்த்தேன். வலது ஓரம் ரவை கொட்டியதுபோல் சொரசொரவென்று இருந்தது. இடது ஓரம் சிலேட்டு மாதிரி பளபளவென்று வழுவழுப்பாக இருந்தது. அங்கே வலது வளைவுகள்தான் அதிகம், இடது பக்கம் சூடேறவே நேரமாகும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சாப்பிட்டுவிட்டு இறங்கிய பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாகாயம் பாய் கடையில், ராத்திரி முழுக்க ஆறிய டயரில் காற்று அளக்கும் அவருடைய கேஜை வைத்தால் 35! பங்கு மீட்டர் ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டியிருக்கிறது. காற்று அதிகமானால் டயர் கல்லு மாதிரி நிற்கும், ரோட்டில் பதியும் இடம் சுருங்கும், மடங்கி விரியாததால் உள்ளே சூடும் பிறக்காது. ஏற்கெனவே ஆறிப்போன டயர், அதுவும் கல்லாக இருந்தால் எங்கே பிடிக்கும்?

அதனால் உனக்கு நம்பர் கிடையாது. பத்து டிகிரி சூடு ஏறினால் டயருக்குள் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். ஜனவரி விடியலில் நம்ம ஊரில் 20 டிகிரி, மே மாத மத்தியானம் 40. அங்கேயே மூன்று பி.எஸ்.ஐ. போய்விட்டது. விடியலில் வைத்த 28-ம் வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்த 28-ம் ஒன்றில்லை. ஒரு சக்கரம் வெயிலிலும் இன்னொன்று நிழலிலும் நின்றால்கூட கேஜ் வேறு வேறு கதை சொல்லும், நீ அதை நம்பிக் காற்றை இறக்கிவிடுவாய்.

போன ஞாயிறு நான் மட்டும் தனியாகப் போய் இதைச் செய்து பார்த்தேன். பின்டயர் விடியலில், ஆறின நிலையில் 27. முதல் தடவை ஓட்டிவிட்டு டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேஜை வைத்தேன், 33. வால்வு ஊசியை நகத்தால் அழுத்தி ஸ்ஸ், ஸ்ஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாக 31-க்கு இறக்கினேன். அடுத்த தடவை வண்டி வேறு வண்டியாகிவிட்டதுடா! வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் தரையை அள்ளிப் பிடிக்கிறது, எனக்கு ஹெல்மெட்டுக்குள் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் இந்த 31 என் டயருக்கு, என் எடைக்கு, அன்றைய வெயிலுக்கு. உன் டயர் கம்பெனி சூட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்கிறது என்று பார், அதிலிருந்து ஆரம்பி. ரொம்ப இறக்கிவிடாதே, டயர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறி, கடைசிச் சுற்றுகளில் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும்.

டயரைச் சூடாக்கும் போர்வை, அந்த டயர் வார்மர் வாங்கப்போகிறேன் என்றாயே, வேண்டாம். அது 80 டிகிரியில் ஒரு மணி நேரம் போர்த்தி வைக்கிற ரேஸ் டயர்காரர்களுக்கு. ரோட்டு டயருக்கு இரண்டு சுற்று பொறுமையாக ஓட்டினாலே போதும். அதுவும் பாம்பு மாதிரி நெளித்து ஓட்டினால் பெரிதாகச் சூடேறாது. நேராகப் போகும்போது நன்றாகப் பிரேக் பிடி, நன்றாக முறுக்கு, டயர் அமுங்கி அமுங்கித்தான் சூடாகும். இடது வளைவுகளுக்கு மூன்றாவது சுற்றும் கொடு. சாப்பிட்ட பிறகும் அதேதான், காலையில் ஓட்டிய தைரியத்தை டயர் ஞாபகம் வைத்திருக்காது. வார்மருக்கு வைத்த காசில் நல்ல கேஜ் ஒன்றும் கால் பம்பு ஒன்றும் வாங்கு. எங்கே போனாலும் அந்த ஒரே கேஜ்தான். வால்வு மூடி தொலைந்திருந்தால் உலோக மூடியாகப் பார்த்துப் போடு.

இன்னொன்று. சாயங்காலம் டயர் ஆறினதும் பார்த்தேன், 26 காட்டியது. அப்படியே முதுகில் பையோடு ஹைவேயில் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

தினேஷ் கட்டு பிரித்துவிட்டான். மே மாதம் தானும் வருவேன் என்கிறான், அண்ணியிடம் நீதான் பேச வேண்டும், உன் பேச்சை அவர் தட்ட மாட்டார். எந்த ரயில் என்று எழுது, காட்பாடிக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

உன்,
குமார்